மந்திரச் சிறுமியும் மணிமேகலையும்: ஒரு சித்திரக்கதை பற்றிய மதிப்பீடு

சிறுவர்க்கென ஆக்கப்படும் சித்திரக்கதைகளை ஆராய்ச்சிக்குரியனவாகக் கொள்ளும் வழக்கம் நம் தமிழ்த்துறைகளில் இன்னும் வேரூன்றவில்லை. அவை பொழுதுபோக்கிற்கு உரியன என்று ஒதுக்குவாரும், நீதி புகட்டுதற்கு ஏற்ற கருவி என்று பாராட்டுவாரும் உளர். இவ்விரு சாராரும் அவற்றை இலக்கியமாக வைத்து நோக்குவதில்லை. ஆறாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரை பயிலும் மாணாக்கர், தாமே தேர்ந்து படிக்கும் பழக்கத்தை முதன்முதலாகக் கைக்கொள்ளும் பருவத்தினர். அப்பருவத்தில் அவர்கள் கையில் எது சேர்கின்றதோ அதுவே இலக்கியம் பற்றிய அவர்தம் கருத்தை உருவாக்கும். ஆகலின், அவர்க்கென வந்த நூலொன்றை அளந்து பார்த்தல் நம் கடமையின் பாற்பட்டதே ஆகும்.

ஈண்டு நாம் எடுத்துக்கொண்டது ‘பிரியாவின் முகக்கவசம்’ எனத் தமிழிற் பெயர் சொல்லத்தக்க சித்திரக்கதை. 2020-ஆம் ஆண்டு திசம்பரில், கொரோனாப் பெருந்தொற்றின் நடுவே, தில்லியிலுள்ள அமெரிக்கத் தூதரகத்தின் ஆதரவோடு இது வெளிவந்தது. இதற்கு முன்னோடி, ராம் தேவிநேனியும் டான் கோல்ட்மனும் பிறரும் கூடி 2014-இல் வெளியிட்ட ‘பிரியாவின் சக்தி’ என்னும் நூல். 2016-இல் அமில வீச்சுக் கொடுமை பற்றியும், 2019-இல் பெண்களைக் கடத்தி விற்கும் கொடுமை பற்றியும் இவ்வரிசையில் நூல்கள் வந்தன. முதல் நூல் வளர்ந்தோர்க்கும் இளைஞர்க்கும் உரியது. முகக்கவச நூலோ சிறுவர்க்கு உரியது. தெய்வ அருளால் ஆற்றல் பெற்ற இளம்பெண் ஒருத்தி புலிமீதேறி வருதல் இரண்டிற்கும் பொது.

மந்திரச் சிறுமி என்னும் கதைவகை

தெய்வத்தாலோ மந்திரப் பொருளாலோ ஆற்றல் பெற்ற சிறுமி, உருமாறி உலகிற்கு உதவும் கதைகள் சப்பானிய நாட்டிற் பெருவழக்காயின. அகட்சுக்கா புஜியோ 1962-இல் தொடங்கிய அக்கோ என்னும் சிறுமியின் கதையில் மந்திரக் கண்ணாடி ஒன்று வருகின்றது. யொக்கொயாமா மிட்சுதேரு 1966-இல் படைத்த சாலி என்பாள் மந்திர நாட்டு இளவரசி. தக்கேயுச்சி நவோக்கோ 1991-இன் இறுதியில் தொடங்கிய ‘செய்லர் மூன்’ இவ்வகையை உலகறியச் செய்தது. அதன் தலைவி பதினான்கு வயதினள், எளிதில் அழுபவள், படிப்பிலும் பின்தங்கியவள். அத்தகையாள் ஒருத்திக்கே ஆற்றல் வாய்க்கின்றது என்பதில்தான் அக்கதையின் உயிர் உளது.

தமிழ்ச் சிறுவர்க்கு மந்திரக் கதைகள் புதியனவல்ல. 1947 முதல் வெளிவந்த அம்புலிமாமாவில் அவற்றைப் படித்தோர் பல்லாயிரவர். 1972-இல் முத்து காமிக்சின் முதல் இதழாக வந்தது இரும்புக்கை மாயாவியின் கதை. ஆயினும் அவற்றில் ஆற்றலுடையோர் பெரும்பாலும் ஆடவரே. 1984-இல் லயன் காமிக்சு தன் முதல் இதழில் மாடசுட்டி என்னும் வீரப்பெண்ணை அறிமுகம் செய்தது. அவளோ மந்திரம் அறியாதவள், வளர்ந்தவள். ஆகவே, பன்னிரண்டு வயதுச் சிறுமி ஒருத்தி தன்னை வைத்துப் பார்த்தற்குரிய மந்திரத் தலைவி நம் நாட்டுச் சூழலிலிருந்தே வருகின்றாள் என்றால், அவளை நாம் ஆர்வத்தோடு எதிர்கொள்வது இயல்பு. அவ்வார்வத்திற்கு ஈடாக இந்நூல் அமைந்ததா என்பதே வினா.

புலியும் அச்சமும்

முதல் நூலின் சிறப்பு அதன் புலியில் உளது. 2012 திசம்பரில் தில்லியில் நிகழ்ந்த கொடுமைக்குப் பின் எழுந்த அந்நூலில், பிரியா பாலியல் வன்கொடுமைக்கு ஆளாகின்றாள். குடும்பமும் ஊரும் அவளை விலக்குகின்றன. காட்டில் அவளைத் தொடர்ந்து வருகின்றது ஒரு புலி. பார்வதியின் அருளால் தன் அச்சத்தை வென்றபின், துரத்திய புலியையே அவள் ஊர்தியாகக் கொள்கின்றாள். அதன்மீதேறித் தன்னை விலக்கிய ஊருக்கே மீள்கின்றாள். தொல்காப்பியர் அச்சம் என்னும் மெய்ப்பாட்டிற்கு நிலைக்களனாக அணங்கு, விலங்கு, கள்வர், இறை என நான்கினைக் கூறுவர். பெருமிதத்திற்குரியனவாகக் கூறப்பட்டவற்றுள் தறுகண்மை ஒன்று. விலங்கால் விளைந்த அச்சம் தறுகண்மையாய்த் திரிதலை ஒரே உருவில் வைத்துக் காட்டியது அந்நூல். ஓவியத்தால் மட்டுமே இத்துணைச் சுருக்கமாகச் செய்யக்கூடிய செயல் அது.

இனி முகக்கவச நூலை நோக்குவாம். அங்கும் புலி உண்டு. அதற்குச் ‘சாகசு’ என்று பெயர். ‘துணிவு’ என்பது அதன் பொருள். அது வானிற் பறக்கவும் வல்லது. மீனா என்னும் சிறுமியோடு பிரியா நட்புக்கொண்டு, நோயுற்றோர்க்காக உழைக்கும் மருத்துவப் பணியாளரின் ஈகத்தை அவளுக்குக் காட்டுகின்றாள். பாக்கித்தானத்து வீரப்பெண்ணாகிய சியா என்பாளும் உடன்சேர்கின்றாள். இருவரும் கூடி நோய்ப்பகையை எதிர்க்கின்றனர். துணிவும் இரக்கமும் வேண்டும் என்பது நூலின் பாடம்.

இங்குப் புலி யாரையும் அஞ்சுவிக்கவில்லை. ‘துணிவு’ என்று பெயரிட்டதனாலேயே துணிவு தோன்றிவிடும் என நூல் கருதுகின்றது. முன்னர்ப் பொருளாய் இருந்தது இங்குப் பெயராய்ச் சுருங்கிற்று. அச்சம் இல்லாத இடத்தில் துணிவிற்கு வேலை இல்லை. 2020-ஆம் ஆண்டிலோ அச்சம் எங்கும் நிறைந்திருந்தது. பள்ளிகள் மூடிக் கிடந்தன. மருத்துவமனைக்குச் சென்றவர் மீள்வரோ என்று வீடுகள் கலங்கின. இறந்தாரைத் தொட்டு அழவும் பலர்க்கு இயலாதிருந்தது. அந்த அச்சத்தை அறிந்த சிறுவரிடம் அச்சமே இல்லாத கதையை நீட்டியது இந்நூலின் முதற் குறை.

வியப்பும் ஆக்கமும்

மருட்கை எனப்படும் வியப்பிற்குப் புதுமை, பெருமை, சிறுமை, ஆக்கம் என்னும் நான்கும் நிலைக்களன்கள். ஆக்கமாவது ஒன்று பிறிதொன்றாய்த் திரிதல் என்பது உரையாசிரியர் கொள்கை. மந்திரச் சிறுமியர் கதைகளின் உயிர்நாடி இவ்வாக்கமே. பறக்கும் புலி புதுமையால் ஒருமுறை வியப்பூட்டும். அடுத்த பக்கத்திலேயே அது பழகிவிடும். திரிந்து உருமாறும் உள்ளம் தரும் வியப்போ நூல் முழுதும் நீளும். முகக்கவச நூலில் பிரியா வரும்போதே நிறைவுற்றவளாய் வருகின்றாள். போகும்போதும் அவ்வாறே போகின்றாள். மாற்றம் மீனாவிற்கு உரியது எனின், அவளுக்கும் காட்சிகள் காட்டப்படுகின்றன. அவள் தானே செய்து வெல்லும் அருஞ்செயலாக எதுவும் மனத்தில் நிற்கவில்லை.

ஒன்று நினைக்கத்தக்கது. சியாவின் கதை 2013-இல் ஆரூன் என்னும் இசைக்கலைஞர் உருதுமொழியிற் படைத்த தொடரிலிருந்து வந்தது. அவள் பள்ளி ஆசிரியை. நூலும் எழுதுகோலுமே அவள் படைக்கலம். தொழிலுக்கும் ஆற்றலுக்கும் இயைபு உளது. அவ்வியைபு முகக்கவச நூலுக்கு உதவியிருக்கக்கூடும். ஆனால் விருந்தினளாய் வந்தவளுக்கு அதன்கண் போதிய இடம் இல்லை.

சாத்தனார் காட்டும் நெறி

அறம் உரைக்கும் நோக்கத்தால் நூல் கெட்டது என்று கூறுவார் உளர். அஃது எமக்கு உடன்பாடன்று. மணிமேகலையினும் வெளிப்படையாகக் கொள்கை பரப்பும் காப்பியம் தமிழில் அரிது. பௌத்த அறம் உரைத்தலே அதன் நோக்கம். எனினும் அஃது இலக்கியமாய் நிற்கின்றது. அதனை 1898-இல் அச்சேற்றிய உ. வே. சாமிநாத ஐயரின் சொந்த ஊராகிய உத்தமதானபுரம் இன்றைய வலங்கைமான் வட்டத்தைச் சேர்ந்தது. காவிரி கடலொடு கலக்கும் புகாரில் நிகழ்ந்த கதை, காவிரி பாயும் மருத நிலத்துச் சிற்றூரிற் பிறந்தார் ஒருவரால் மறுவாழ்வு பெற்றது.

மணிமேகலை மந்திரச் சிறுமியின் இலக்கணம் அனைத்தும் உடையவள். காவல் தெய்வம் அவளை மணிபல்லவத் தீவிற்குத் தூக்கிச் செல்கின்றது. வேற்றுருக் கொள்ளவும், வானிற் செல்லவும், பசி நீக்கவும் மூன்று மந்திரங்களை அருளுகின்றது. கோமுகிப் பொய்கையிலிருந்து அமுதசுரபி அவள் கையில் வந்து சேர்கின்றது. இத்துணையும் கிடைத்தபின் கதை எளிதாய் முடிந்திருக்கலாம். சாத்தனார் அவ்வாறு முடிக்கவில்லை.

அமுதசுரபி கிடைத்தவுடன் உணவு சுரந்துவிடவில்லை. ஆதிரை என்னும் கற்புடையாள் கையால் முதற்பிச்சை ஏற்றல் வேண்டும். மந்திரப் பொருளும் மற்றொரு பெண்ணின் அறத்தைச் சார்ந்தே செயற்படுகின்றது. யானைத்தீ என்னும் தீராப்பசியால் வருந்திய காயசண்டிகையின் நோய் அப்பாத்திரத்தால் தீர்கின்றது. ஆயின் தன் ஊர் நோக்கி வான்வழிச் சென்ற அவள் விந்தமலையைக் கடக்கும்போது மாய்கின்றாள். உதயகுமரனிடமிருந்து தப்புதற்பொருட்டு மணிமேகலை காயசண்டிகையின் உருவைக் கொள்கின்றாள். அவ்வுருவை மெய்யென மயங்கிய காஞ்சனன் உதயகுமரனை வாளால் எறிகின்றான். தன்னைக் காத்த மந்திரமே ஒருவன் உயிரைப் போக்கிற்று என்பதைக் கண்டு அவள் அழுகின்றாள். பின்னர்ச் சிறையும் அரசியின் சூழ்ச்சியும் தொடர்கின்றன. வேற்றுருவும் பசி நீக்கும் மந்திரமும் ஆங்கு அவளுக்கு மெய்யான தேவையில் உதவுகின்றன.

ஆற்றலுக்கு விலை உண்டு. அதனைப் பயன்படுத்துவார் அதன் விளைவையும் தாங்கவேண்டும் என்பது இதனாற் பெறப்படும். அறவுரை இங்குக் கதையின் மேல் ஒட்டப்படவில்லை; நிகழ்ச்சியின் உள்ளிருந்து முளைக்கின்றது. முகக்கவச நூலுக்கும் மணிமேகலைக்கும் உள்ள வேறுபாடு அளவாலும் காலத்தாலும் வந்ததன்று. ஒன்று தன் தலைவியை இடர்ப்படுத்த அஞ்சுகின்றது, மற்றொன்று அஞ்சவில்லை.

நோயும் உருமாற்றமும்: வலங்கைமான் வழக்கு

நோயைப் பற்றிச் சிறுவர்க்கு எவ்வாறு கூறுவது என்பது கடினமான வினா. காப்பியத்தை விடுத்து மக்கள் வழக்கை நோக்கினும் அதற்கொரு விடை கிடைக்கின்றது. வலங்கைமான் மாரியம்மன் கோயிலில் பங்குனித் திங்களில் நிகழும் பாடைக்காவடி தஞ்சைப் பகுதியில் யாவரும் அறிந்தது. கொடிய நோயினின்று பிழைத்தவர், நேர்ந்துகொண்டபடி, பச்சை மூங்கிலால் கட்டிய பாடையில் பிணம்போலப் படுக்கின்றார். உறவினர் தீச்சட்டி ஏந்தி முன்செல்லப் பறையொலியோடு அவரைச் சுமந்து வருகின்றனர். கோயிலை வலம்வந்தபின், தெய்வத்தின் நீரும் நீறும் பெற்று அவர் எழுகின்றார். பெரியம்மை உலகினின்று ஒழிந்ததாக 1980-இல் அறிவிக்கப்பட்டது. பாடை கட்டும் வழக்கமோ நின்றுவிடவில்லை. எந்நோயினின்று மீண்டார்க்கும் அஃது உரியதாயிற்று.

இவ்வழக்கு மருத்துவமாகுமா என்பது இங்கு ஆராய்ச்சியன்று. அதன் கதையமைப்பே நாம் கருதுவது. சாவின் உருவைத் தானே ஏற்றுக் கிடந்தவன்தான் மீண்டெழும் பேற்றைப் பெறுகின்றான். சுமப்பவர் வேண்டும், அழுபவர் வேண்டும், ஊர் பார்த்து நிற்க வேண்டும். அவ்வூர்ச் சிறுவர் இதனைக் கண்டு வளர்கின்றனர். அவர்கள் சாவின் உருவைக் கண்டவர்கள். அதினின்று ஒருவர் எழுந்து நடப்பதையும் கண்டவர்கள். அத்தகையார் கையில், நோயை ஒரு பகைவனாக்கி இரு வீரப்பெண்கள் அவனை எதிர்ப்பதாகக் கூறும் நூலைக் கொடுத்தால், தாம் அறிந்ததினும் குறைவாகவே அது கூறுகின்றது என்பதை அவர்கள் உணர்வர். சிறுவர் நூல் எளிதாக இருக்கலாம். சிறுவரின் அறிவிற்குக் கீழ்ப்பட்டதாக இருத்தல் ஆகாது.

நூலின் நலன்கள்

குறை கூறுமிடத்து நலனையும் கூறுதல் முறை. பகைமை கொண்ட இரு நாடுகளின் வீரப்பெண்களை ஒரே கதையில் நட்புடையாராய் நிறுத்தியது துணிவான செயல். சொல்லிக் காட்டாமலே செய்யப்பட்ட அறம் நூலில் இஃது ஒன்றே, ஆதலின் இதுவே நன்றாக அமைந்தது. மருத்துவப் பணியாளரை ஒதுக்கியும் பழித்தும் சிலர் நடந்த காலத்தில் அவர்தம் உழைப்பை முன்வைத்ததும் பாராட்டிற்கு உரியது. இடரின் நடுவே விரைந்து வந்த நூல் என்பதையும் மறத்தல் கூடாது. விரைவு பிழைகளுக்குக் காரணம் ஆகலாம். ஆயினும் சிறுவர் நூல் இவ்வளவினால் அமையும் என்னும் எண்ணத்திற்கு விரைவு காரணம் ஆகாது.

முடிபு

இதுகாறும் கூறியவற்றால் பெறப்படுவன: மந்திரச் சிறுமி கதையின் வலிமை மந்திரத்தில் இல்லை, அதனை ஏற்கும் சிறுமியின் அச்சத்திலும் மாற்றத்திலும் உளது. ‘பிரியாவின் சக்தி’ அதனை அறிந்திருந்தது. சிறுவர்க்கென வந்த நூல் அதனை மறந்தது. வளர்ந்தோர்க்குக் கலையும் சிறுவர்க்குப் பாடமும் போதும் என்ற பகுப்பே இம்மறதிக்கு அடிப்படை எனத் தோன்றுகின்றது.

இக்குறையை நீக்குதற்குரிய மூலப்பொருள் தமிழரிடம் உளது. தானறியாத தீவில் தனியே விழித்தெழும் சிறுமி, கையில் ஓர் ஓடு, ஊரெங்கும் பசி, அவள் கொண்ட உருவால் ஒருவன் சாவு: சித்திரக்காரர்க்கு இதனினும் வேறு என்ன வேண்டும்? மணிமேகலையைச் சித்திரத்தில் வடிப்பார், சிறைக்கோட்டம் அறக்கோட்டமாய் மாறியதை மட்டும் வரைந்து நின்றுவிடாது, உதயகுமரன் உடலருகே அவள் அழுத இரவையும் வரைதல் வேண்டும். பன்னிரண்டு வயது மாணாக்கி அப்பக்கத்தில் சற்றுத் தயங்கி நிற்பாள். நின்றபின் அடுத்த பக்கத்தைத் தானே புரட்டுவாள். அவ்வாறு புரட்டச் செய்யும் நூலையே சிறுவர் இலக்கியம் எனல் தகும்.