செவிலி, தோழி, ஆயா: தாய்ப்பாலும் வர்க்க உறவும் பற்றிச் சில குறிப்புகள்

வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் நடைபெறும் இலக்கியக் கூட்டங்களில் சங்க அகப்பாடல்கள் பற்றி உரையாற்றுவோர் செவிலித்தாயை அறிமுகம் செய்யும் முறை ஏறத்தாழ ஒன்றாகவே இருக்கும். பெற்றவளினும் பரிவு மிக்கவள். உடன்போக்கில் மகள் சென்றபின் சுரமெல்லாம் தேடி அலைபவள். தன்னலமற்ற அன்பின் வடிவம். இக்கூற்றுப் பொய்யன்று. ஆயின் அன்பு என்ற சொல்லோடு ஆராய்ச்சி அமைதி கொள்ளும்போது ஒரு வினா கேட்கப்படாமலே போய்விடுகின்றது. பிறர் பிள்ளையை மார்பிலும் மடியிலும் வைத்து வளர்த்த இப்பெண்ணின் சொந்தப் பிள்ளை எங்கே? அதற்கு உரிய பாலும் பொழுதும் என்னவாயின?

இவ்வினாவுக்கு விடை தேட வெகுதூரம் செல்ல வேண்டியதில்லை. தொல்காப்பியமே அதனைத் தந்துள்ளது. களவியலில், தாய் என்ற பெயருக்கு உரியவளாகச் செவிலியையே சுட்டும் ஆசிரியர், தோழி யாரெனின் அச்செவிலியின் மகள் என்று விதிக்கின்றார். நாம் தேடிய பிள்ளை இவளே. தலைவியோடு ஒரே மடியைப் பகிர்ந்துகொண்டு வளர்ந்தவள் தலைவிக்குத் தோழியாகின்றாள். அகப்பொருள் மரபு மேலும் ஒன்று கூறும்: செவிலி, நற்றாயின் தோழியாயிருந்தவள். எனவே இன்றைய தோழி நாளைய செவிலி. நாளைய செவிலியின் மகள் அதற்கடுத்த தலைமுறைத் தலைவிக்குத் தோழி. நட்பு என்று நாம் வகுப்பறையில் கற்பிப்பது, பிறப்பினால் கைமாறும் ஊழிய உறவு ஒன்றின் பெயராகும்.

ஒரு தடையை ஈண்டே எதிர்கொள்ளுதல் நன்று. செவிலி உண்மையிலேயே பாலூட்டியவளா, அன்றி வளர்த்தவள் மட்டுமா? பிற்கால மரபு தாயரை ஐவகையாகப் பகுத்து, முலைத்தாய், ஊட்டுந்தாய், கைத்தாய் என்போரைச் செவிலித்தாயினின்றும் வேறுபடுத்திக் காட்டுகின்றது. உடைமை பெருகிய மாளிகையிலே பிள்ளை வளர்ப்பும் தொழிற்பிரிவினைக்கு உட்பட்டமைக்கு இப்பகுப்பே சான்று. சங்கப் பாடல்களின் செவிலி இவ்வைவரின் உழைப்பையும் ஒருங்கே தாங்கி நிற்கும் உருவம். அவள் கொடுத்தது முலைப்பாலா, கைப்பிடியா என்பது பாட்டுக்குப் பாட்டு வேறுபடலாம். இரண்டிலும் செலவானது அவளது பொழுது.

பொழுது என்று நான் அழுத்துவதற்குக் காரணம் உண்டு. பால், குடத்தில் முகந்து வைத்த நீரன்று; பிள்ளை உறிஞ்ச உறிஞ்சச் சுரப்பது; தேங்கினால் சுரப்புக் குன்றுவது. பிறந்த குழந்தைக்கு இரவு பகலாக, நாளொன்றுக்கு எட்டு முதல் பன்னிரண்டு தடவை கொடுக்க வேண்டியிருக்கும். உணவும் ஓய்வும் வாய்க்கப்பெற்ற தாயொருத்தி இரட்டைப் பிள்ளைகளையும் வளர்த்துவிடுகின்றாள். யாழ்ப்பாணத்து வீடுகளில் பிள்ளை பெற்றவளுக்குப் பால்சுறாவும் முருங்கையிலையும் சரக்குக் கறியும் தேடிக் கொடுப்பது இவ்வுண்மையின் ஒரு பாதியை அனுபவத்தால் அறிந்தமையினாலேயே. ஆகவே ஒருத்தி இரு குழந்தைகளுக்கு ஊட்டுதலை உடலியற்கை தடுப்பதில்லை. அவளுடைய பிள்ளையை மார்பினின்றும் விலக்குவது, அவளது நாள் யாருக்கு உரியது என்ற சமுதாய ஏற்பாடேயாகும்.

இவ்வேற்பாட்டின் இரு முனைகளையும் சங்க இலக்கியம் அருகருகே வைத்திருக்கின்றது. நாம்தாம் அவற்றை வெவ்வேறு பாடங்களாகப் பிரித்து வாசிக்கின்றோம். நற்றிணை 110இல் போதனார் காட்டும் இல்லத்தில் தேன் கலந்த பால் பொற்கலத்தில் இருக்கின்றது. அதனைக் குடிக்க மறுத்துப் பந்தரின்கீழ் ஓடும் சிறுமியை நரைத்த கூந்தலையுடைய செவிலியர் பின்தொடர்ந்து ஓடி இளைக்கின்றனர். செவிலி ஒருத்தியல்லள், பலர் என்பது கவனிக்கத்தக்கது. புறநானூறு 164இல் பெருந்தலைச் சாத்தனார் குமணனுக்குக் கூறும் இல்லத்திலோ, அடுப்பில் காளான் பூத்திருக்கின்றது. பால் வற்றித் தூர்ந்த மார்பைச் சுவைக்குந்தோறும் குழந்தை அழுகின்றது. தாய் அதன் முகத்தை நோக்க, புலவன் அவளது துயரை நோக்குகின்றான். பெருஞ்சித்திரனார் அதே குமணனை நோக்கிப் பாடிய 160ஆம் பாட்டில், பெறாத பாலுக்கும் வெறுங்கலத்துக்கும் இடையே அலைந்து அழும் புதல்வனைத் தாய் புலியைச் சொல்லி அச்சுறுத்தியும் நிலாவைக் காட்டியும் தேற்ற முயல்கின்றாள்.

முதற் பாட்டினை அகம் என்றும் ஏனையவற்றைப் புறம் என்றும் வகுத்தவுடன் அவற்றிடையே உள்ள உறவு மறைந்துவிடுகின்றது. ஊட்டுவதற்குப் பலர் ஓடும் முற்றமும், உறிஞ்சுவதற்கு ஒன்றுமில்லாத மார்பும் ஒரே சமுதாயத்தின் இரு காட்சிகள். பொற்கலம் பின்னரும் தொடர்கின்றது. சீகாழிக் குளக்கரையில் அழுத ஞானசம்பந்தருக்கு உமையம்மையின் பால் பொற்கிண்ணத்திலேயே வந்ததாகப் பெரியபுராணம் பேசும். உயர்ந்தோரின் பால் உடலினின்றும் பிரிந்து பாத்திரத்துக்கு வந்துவிடுகின்றது; உடலோடு ஒட்டிய பால் வறியவளின் அடையாளமாக எஞ்சுகின்றது. (இதனைச் சமயநிந்தை என்று கருதுவோர் அப்பாத்திரம் ஏன் பொன்னாலானது என்பதையேனும் சிந்திப்பாராக.)

இனித் தோழியை மீண்டும் நோக்குவோம். அகப்பாடல்களில் அவள் பேசும் கூற்றுகள் மிகப் பல. தலைவனை மறுப்பவளும் வரைவு கடாவுபவளும் அறத்தொடு நிற்பவளும் அவளே. சொல்வன்மையில் தலைவி அவளுக்கு ஈடாகாள். எனினும் தோழிக்கென ஒரு தலைவன் இல்லை. அவளுடைய காமம் பாடப்படுவதில்லை. இதற்கும் இலக்கணம் உண்டு. அடியோரும் வினைவலரும் ஐந்திணைக்குப் புறத்தே, கைக்கிளை பெருந்திணைகளிலே இடம்பெறுதற்குத் தடையில்லை என்று அகத்திணையியல் கூறுகின்றது. அன்பின் ஐந்திணை உடையோருக்கு உரியது என்பதே இதன் மறுபக்கம். சிலப்பதிகாரம் இவ்வுறவை மூடி மறைக்கவில்லை. கண்ணகியின் தோழியை அது அடித்தோழி என்றே அழைக்கின்றது. வாழ்த்துக் காதையில் வஞ்சிக்கு வந்து அரற்றும் பெண்கள் தேவந்தியும் காவற்பெண்டும் அடித்தோழியுமாவர், காவற்பெண்டு செவிலியே. தன் மகளையும் உடன் அழைத்துக்கொண்டு பிறள் மகளுக்காக அழ வந்தவளாக இச்செவிலியைக் காண்போமாயின், அக்காதையின் துயரம் இருமடங்காகும்.

காவற்பெண்டு என்னும் பெயர் புறநானூற்றிலும் உண்டு. 86ஆம் பாட்டினைப் பாடியவர் அப்பெயராலேயே அறியப்படுகின்றார். சிற்றிலின் தூணைப் பற்றி நின்று, உன் மகன் எங்கே என்று ஒருவர் வினவ, அவன் எங்குள்ளான் என்பதை அறியேன், புலி தங்கிப்போன குகைபோல ஈன்ற வயிறு இங்கே இருக்கின்றது, போர்க்களத்தில் அவன் தோன்றுவான் என்று விடையிறுக்கின்றாள். இப்பாட்டு வீரத்தாயின் பெருமிதத்துக்கு எடுத்துக்காட்டாகப் பாடநூல்களில் நிலைபெற்றுவிட்டது. பெருமிதத்தை நான் மறுக்கவில்லை. ஆனால் பாடியவரின் பெயரைத் தொழிற்பெயராகக் கொள்வோமாயின், பிறர் பிள்ளையைக் காப்பதே தொழிலான ஒருத்தி தன் மகன் இருக்குமிடம் அறியேன் என்கிறாள். தாய்மையிலே அவளுக்கு எஞ்சியது ஈன்ற வயிறு மாத்திரமே. வளர்த்த கைகளைப் பற்றி அவள் ஒன்றும் கூறவில்லை. பாட்டின் பொருளைப் பெயரொன்றை மட்டும் கொண்டு நிறுவிவிட முடியாது என்பதை அறிவேன். இருப்பினும், சங்கப் புலவர் வரிசையிலே செவிலியின் குரலாகக் கொள்ளத்தக்க இடம் ஒன்று உண்டெனில் அது இதுவே. அங்கும் அவள் பேசுவது இல்லாத தன் மகனைப் பற்றி.

பக்தி இலக்கியம் இழப்பைப் பாடியது. ஆனால் யாருடைய இழப்பை? கண்ணனுக்குப் பாலூட்டும் பேறு பெறாத தேவகியின் புலம்பலைக் குலசேகராழ்வார் பெருமாள் திருமொழியில் உருக்கமாகப் பாடினார். பால் உண்ண அழைக்கும் யசோதையாகப் பெரியாழ்வார் பாடினார். பிறப்பித்தவளின் ஏக்கமும் வளர்த்தவளின் மகிழ்ச்சியும் தமிழுக்குக் கிடைத்தன. வளர்த்தவளின் இழப்பு கிடைக்கவில்லை.

யசோதை என்ற பெயரைக் கூலியுழைப்பின் உலகுக்கு இழுத்து வந்தவர் வங்க எழுத்தாளர் மகாஸ்வேதா தேவி. அவருடைய ‘ஸ்தனதாயினி’ என்ற கதையில் ஜசோதா ஏழைப் பிராமணத்தி. செல்வக் குடும்பத்து இளைஞனின் மோட்டார் வண்டியால் கணவன் கால்களை இழந்தபின், அக்குடும்பத்தின் குழந்தைகளுக்குப் பாலூட்டுதலைப் பிழைப்பாகக் கொள்கின்றாள். மருமக்களின் உடற்கட்டுக் குலையாதிருக்க வேண்டும், பேரப்பிள்ளைகளும் பெருக வேண்டும் என்பது வீட்டாரின் தேவை. பால் வற்றாதிருக்க வேண்டுமெனில் ஜசோதா மீண்டும் மீண்டும் கருவுற வேண்டும். ஈற்றில் மார்பகப் புற்றுநோயால் வைத்தியசாலையில் தனித்து இறக்கின்றாள். ஆசிரியர் தம் கதையைச் சுதந்திரத்துக்குப் பிந்திய இந்தியாவின் உருவகமாகக் கொண்டார். காயத்ரி ஸ்பிவாக் 1987இல் வெளியிட்ட கட்டுரையில் அவ்வுருவகத்துள் அடங்க மறுத்து, ஜசோதாவின் பாலைப் பயன்மதிப்பு, பரிவர்த்தனை மதிப்பு, உபரி என்னும் கருத்துகளின் வழியே வாசித்தார். அவ்வாசிப்பே எனக்கு உடன்பாடு. நாட்டைத் தாயாக்கும் உருவகம் எப்போதும் தாயின் கூலிக் கணக்கை மறக்கச் செய்கின்றது. இது இந்தியாவுக்கு மட்டும் உரிய நோயன்று.

ஆங்கிலத்தில் ஜோர்ஜ் மூரின் ‘எஸ்தர் வோட்டர்ஸ்’ (1894) நாம் தொடங்கிய வினாவை நேராகவே எழுப்பியது. மணமாகாத் தாயான எஸ்தர் செல்வர் வீட்டுக் குழந்தைக்குப் பாலூட்டச் செல்கின்றாள். அவளுடைய குழந்தை கூலிக்கு வளர்ப்பவளிடம் நோயுறுகின்றது. ஓர் உயிரை விலையாகக் கொடுத்து இன்னோர் உயிர் வளர்க்கப்படுகின்றது என்பதை உணர்ந்து, எஜமானியின் முகத்துக்கெதிரே அதைக் கூறிவிட்டு வெளியேறுகின்றாள். இது புனைவின் மிகையன்று. பிரான்சில் 1874இல் இயற்றப்பட்ட ரூசல் சட்டம், பாலூட்டும் செவிலியாக வேலை பெற விரும்புபவளின் கடைசிப் பிள்ளை உயிருடன் இருக்கின்றதா என்பது தெரிவிக்கப்படுதல் வேண்டும், அது ஏழு மாதத்தைக் கடந்திருத்தல் அல்லது வேறொருத்தியிடம் பால் பெறுதல் வேண்டும் என்று விதித்தது. சட்டம் கேட்ட கேள்விகளிலிருந்தே நடந்துகொண்டிருந்தது யாதென ஊகிக்கலாம்.

மார்க்ஸின் ‘மூலதனம்’ முதற் பாகத்தில், இயந்திரங்கள் பற்றிய அதிகாரத்தில், இப்பொருள் பற்றி ஓர் அடிக்குறிப்பு உண்டு. அமெரிக்க உள்நாட்டுப் போரினால் பருத்தி வரவு குன்றி லங்காசயர் ஆலைகள் நின்றபோது, அங்கு அனுப்பப்பட்ட டாக்டர் எட்வேட் ஸ்மித், வேலையிழந்த பெண்களுக்கு இப்போது குழந்தைகளுக்குப் பால் கொடுக்க நேரம் கிடைத்திருப்பதாகவும், முன்புபோல அபின் கலந்த மருந்தைப் புகட்டித் தூங்கவைக்க வேண்டியதில்லை என்றும் அறிக்கை செய்தார். சமையல் கற்கவும் நேரம் கிடைத்தது, சமைக்கத்தான் ஒன்றும் இல்லை என்று மார்க்ஸ் கசப்புடன் சேர்க்கின்றார். நேரமிருந்தால் உணவில்லை, உணவிருந்தால் நேரமில்லை. பெருந்தலைச் சாத்தனாரின் மனைவியும் ஆலைப் பெண்ணும் இவ்விரு வாக்கியங்களுக்குள் அடங்குவர்.

இலங்கையில் இக்கதைக்கு முகவரி உண்டு. தொடர்மாடிகளும் நகைக்கடைகளும் நிறைந்த இன்றைய வெள்ளவத்தை, 1933இல் நூற்பு நெசவு ஆலைத் தொழிலாளரின் வேலைநிறுத்தத்தால் அறியப்பட்ட இடம், கொல்வின் ஆர். டி சில்வா முதலிய இளைஞர் அத்தொழிலாளர் பக்கம் நின்றனர். 1939ஆம் ஆண்டின் 32ஆம் இலக்க மகப்பேற்று நன்மைகள் கட்டளைச் சட்டம் தொழிலாளர் இயக்கம் வளர்ந்த அந்தப் பத்தாண்டின் முடிவிலே தோன்றியது. இன்றுள்ள வடிவில் அது ஒரு வயதுக்குட்பட்ட பிள்ளையின் தாய்க்கு வேலைநாளில் இரு பாலூட்டும் இடைவேளைகளை அளிக்கின்றது: பிள்ளை பராமரிப்பு நிலையம் இருப்பின் அரைமணி வீதம், இல்லையெனின் ஒரு மணித்தியாலம் வீதம். 2018ஆம் ஆண்டின் திருத்தம், எத்தனையாவது பிள்ளையாயினும் 84 நாள் விடுமுறை என்று ஆக்கியது. மலையகத் தோட்டங்களில் கொழுந்துக் கூடையை இறக்கிவைத்துப் பிள்ளைக்காம்பராவுக்கு ஓடிவரும் பெண்ணுக்கு அவ்வரைமணி, ஏறி இறங்க வேண்டிய மலையையும் சேர்த்தே கணக்கிடப்படுகின்றது என்பது வேறு விடயம். ஆயினும் அது அவளுக்கு உரிய நேரம் என்று சட்டம் ஒப்புக்கொள்கின்றது.

வெள்ளவத்தைத் தொடர்மாடியில் பிறர் குழந்தைக்குப் புட்டிப்பால் கரைக்கும் ஆயாவுக்கு அவ்வொப்புதல் இல்லை. தனியார் வீட்டு வேலை இக்கட்டளைச் சட்டத்தின் எல்லைக்குள் அடங்குவதில்லை. வீட்டு வேலைக்காரரைச் சட்டம் அறவே அறியாதிருந்தது என்றும் கூற முடியாது. 1871இலேயே குடியேற்ற ஆட்சி அவர்களைப் பதிவுசெய்யக் கட்டளைச் சட்டம் இயற்றியது. எஜமானரின் பாதுகாப்புக்காக அவர்களது பெயரும் நடத்தையும் ஏடேற வேண்டியிருந்தன. அவர்களது பிள்ளையின் பசி ஏடேற வேண்டியிருக்கவில்லை.

கொட்டாஞ்சேனையில் தோட்டங்கள் என வழங்கும் நெருக்கக் குடியிருப்புகளிலிருந்தும் பெண்கள் பிள்ளை பார்க்கும் வேலைக்கு மத்திய கிழக்கு நாடுகளுக்குச் செல்கின்றனர். 2013இல் அரசாங்கம், ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளையை உடைய தாய் வீட்டு வேலைக்காக வெளிநாடு செல்வதைக் குடும்பப் பின்னணி அறிக்கை என்ற ஏற்பாட்டினால் தடுத்தது. தாய்மையின் புனிதம் பற்றி அப்போது பல பேசப்பட்டன. செல்லாதவளுக்கு உள்ளூரில் என்ன வேலை என்பது பேசப்படவில்லை. 2022இல் டொலர் தட்டுப்பாடு உச்சம் அடைந்தபோது அவ்வெல்லை இரண்டு வயதாகக் குறைக்கப்பட்டது. ஒன்பது ஆண்டுகளில் குழந்தையின் தேவை மூன்று வயதால் சுருங்கிவிடவில்லை; சுருங்கியது அந்நியச் செலாவணிக் கையிருப்பு.

அகத்திணை கற்பிக்கும் ஆசிரியர்கள் நற்றிணை 110ஐப் புறநானூறு 160, 164 ஆகியவற்றோடு ஒரே பாடவேளையில் வைத்துக் கற்பித்துப் பார்க்கலாம். தோழி கூற்றுகளை வாசிக்கும்போது, பேசுபவள் செவிலியின் மகள் என்பதை மாணவருக்கு ஒருமுறை நினைவூட்டினாலும் போதும். அவ்வகுப்புகளில் அமர்ந்திருப்போருள் சிலர் ஆயாவின் கையில் வளர்ந்தவர்கள். சிலர், தாய் வேறொரு வீட்டில் ஆயாவாக இருந்ததனால் அம்மம்மாவின் கையில் வளர்ந்தவர்கள்.