வேகம் அறிந்த கை

பார் 72 என்று அமைந்த கோல்ஃப் மைதானத்தில் சரிபாதி, அதாவது 36 ஸ்ட்ரோக்குகள், புட்டிங்குக்காகவே ஒதுக்கப்பட்டவை. பதினெட்டுக் குழிகளில் குழிக்கு இரண்டு என்பது கணக்கு. முந்நூறு கஜம் பறக்கும் டிரைவும் ஒன்றுதான், குழியருகே கிடக்கும் பந்தைத் தட்டிவிடுவதும் ஒன்றுதான். ஆனாலும் பயிற்சிக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் டிரைவரைத்தான் முதலில் கையில் எடுக்கிறார்கள். அவர்கள் ஒருமுறையாவது பென் கிரென்ஷாவின் புட்டிங்கைப் பார்க்க வேண்டும்.

டெக்சாஸ் மாநிலம் ஆஸ்டினைச் சேர்ந்த கிரென்ஷா 1984-லும் 1995-லும் மாஸ்டர்ஸ் பட்டம் வென்றவர். பந்தின் முன் அதிகம் குனியாமல் நிற்பார். கைகள் தோளிலிருந்து தளர்ந்து தொங்கும். பிடியில் இறுக்கம் இருக்காது. அவருடைய புட்டர் பின்னே போகும்போது மெல்லிய வளைவாக உட்புறம் நகரும், முன்னே வரும்போது அதே வளைவில் திரும்பும். போவதிலும் வருவதிலும் அவசரம் கிடையாது. நீண்ட புட்டுக்கு வீச்சுதான் நீளுமே தவிர, தாளம் மாறாது. பந்தை அவர் அடிக்கிறார் என்றே சொல்ல முடியாது. ஊஞ்சலை ஆட்டுகிறவர் அது தானாக வரும் நேரம் பார்த்துக் கை கொடுப்பதுபோல, போகிற போக்கில் பந்துக்கு ஓர் உந்துதல் தருகிறார்.

இந்த அழகின் உயிர் வேகத்தில் இருக்கிறது. குழியின் விட்டம் 4.25 அங்குலம், பந்தின் விட்டம் 1.68 அங்குலம். வேகமாக வரும் பந்து குழியின் நடுவைப் பிடித்தால்தான் விழும். ஓரத்தில் பட்டால் சுற்றிக்கொண்டு வெளியேறிவிடும். ஓய்ந்து வரும் பந்துக்கோ குழியின் முழு அகலமும் பயன்படுகிறது. முன்வாசல், பக்கவாட்டு விளிம்பு என எங்கே தொட்டாலும் உள்ளே சரியும். கிரென்ஷாவின் புட்டுகள் இப்படிக் கடைசி உருளலில் மூச்சடங்கி விழுபவை. குறுகிய தூரப் புட்டை அழுத்தி அடிப்பதே நல்லது என்பாரும் உண்டு. கரடுமுரடான கிரீனில் அது சரிதான். ஆனால் மாஸ்டர்ஸ் நடக்கும் அகஸ்டா போன்ற மைதானங்களின் வழுக்கும் சரிவுகளில் தவறிய பந்து எவ்வளவு தூரம் ஓடிப்போகும் என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

சரிவைப் படிப்பதும் வேகத்தோடு பிணைந்ததே. ஒரே சரிவில் வேகமான பந்து கொஞ்சம்தான் வளையும், மெதுவான பந்து நிறைய வளையும். ஆகவே வேகத்தை முடிவு செய்யாமல் பாதையைத் தீர்மானிக்க வழியில்லை. பந்து தளரத் தளரச் சரிவின் இழுப்பு கூடும் என்பதால், குழியை ஒட்டிய கடைசிச் சில அடிகளை நன்றாகப் பார்க்க வேண்டும். பள்ளமான பக்கம் நின்று பார்த்தால் சரிவு தெளிவாகத் தெரியும்.

1995 மாஸ்டர்ஸுக்குச் சில நாள் முன்பு, நோயுற்றுப் படுக்கையில் இருந்த ஆசான் ஹார்வி பெனிக் தன் மாணவர் கிரென்ஷாவை அறையிலேயே புட்டிங் செய்யச் சொல்லிப் பார்த்தார். அவர் சொன்ன திருத்தம் சின்னது: நல்லதாக இரண்டு பயிற்சி வீச்சு போடு, பிறகு உன்னை நம்பு, புட்டரின் தலை உன் கைகளை முந்தவிடாதே. ஏப்ரல் 2-ஆம் தேதி பெனிக் தமது 90-ஆம் வயதில் காலமானார். புதன்கிழமை ஆசானின் சவப்பெட்டியைச் சுமந்தவர்களில் ஒருவராக நின்ற கிரென்ஷா, மறுநாள் ஆடத் தொடங்கினார். அந்த நான்கு நாட்களில் எந்தக் குழியிலும் அவருக்கு மூன்று புட் தேவைப்படவில்லை. ஞாயிறன்று 17-ஆவது குழியில் சுமார் 13 அடிப் புட்டை இட்டு பேர்டி எடுத்தார். ஒரே ஒரு ஸ்ட்ரோக் வித்தியாசத்தில் பட்டம் வென்றபோது அவருக்கு வயது 43.

பெனிக்கின் திருத்தத்தில் உள்ள நுட்பம் கவனிக்கத்தக்கது. புட்டரின் தலை கைகளை முந்தினால் மணிக்கட்டு மடங்கிவிட்டது என்று பொருள். மணிக்கட்டு மடங்கினால் புட்டரின் முகம் திரும்பும், வேகமும் தவறும். இரண்டு வீச்சு என்ற வரம்பும் அளந்து சொன்னது. உடலுக்குத் தூரம் பிடிபட அது போதும், மனம் குழம்ப அவகாசம் இல்லை.

புட்டிங்கை மேம்படுத்த விரும்புகிறவர் முதலில் குழியை மறந்து தூரத்தைப் பழகட்டும். பத்தடி, இருபதடி, முப்பதடியில் டீ ஊன்றி, பந்து அதன் பக்கத்திலேயே நிற்கும்படி உருட்டிப் பாருங்கள். பயிற்சி வீச்சின்போது கண் பந்தில் வேண்டாம், இலக்கில் இருக்கட்டும். தூரத்தை அளக்கும் வேலையைக் கண் கைக்குச் சொல்லிக்கொடுத்துவிடும். வேகம் கைக்கு வந்துவிட்டால் மூன்றாவது புட் தானாகவே குறையும். கோல்ஃபில் ஸ்கோரைக் குறைக்க இதைவிடச் சுருக்கமான வழி இல்லை.