காதணி விழாவும் டாவின்சி ரிசால்வும்

வீட்டு விசேஷத்தை போனில் எடுக்கும் வேலை எப்படியும் குடும்பத்தில் யாராவது ஒருவர் தலையில் விழுந்துவிடும். மண்டபத்து வீடியோகிராபர் மேடையைப் பார்த்துக்கொள்வார். தாய்மாமன் சீர் தெருமுனையில் வந்து இறங்குவதும், பந்தியில் பாட்டி பாயசத்தை இரண்டாம் முறை கேட்டு வாங்குவதும் நம் கணக்கு. அப்புறம் டிவியில் போட்டுப் பார்த்தால் படம் ஆடும் ஆட்டத்தில் தலை சுற்றும்.

இதைச் சரிசெய்யக் காசு செலவில்லாத வழி, பிளாக்மேஜிக் டிசைன் நிறுவனத்தின் டாவின்சி ரிசால்வ். அதன் இலவசப் பதிப்பிலேயே ஆட்டத்தை அடக்கும் ஸ்டெபிலைசர் இருக்கிறது. மதுரைப் பக்கம் நடந்த ஒரு காதணி விழாவில் எடுத்த காட்சிகளை அதில் ஏற்றினேன். ஒப்பிட்டுப் பார்க்க, போனை மாட்டி ஆடாமல் பிடிக்கும் ஒரு கிம்பலும் கையில் இருந்தது.

முதலில் சீர் ஊர்வலம். காலை வெயில், முன்னால் மேளம், பின்னால் தட்டு ஏந்திய பெண்கள். அவர்களைப் பார்த்தபடி பின்னோக்கி நடந்து எடுத்த 4கே காட்சி. எடிட் பக்கத்தில் கிளிப்பைத் தொட்டு, இன்ஸ்பெக்டரில் ஸ்டெபிலைசேஷனைத் திறந்து ஒரு பொத்தானை அழுத்தினால் போதும். மூன்று முறைகள் உண்டு. பெர்ஸ்பெக்டிவ்தான் தானாக வந்து நிற்கும். ஆனால் அதில் வாசல் வாழைமரமும் மண்டபத்துத் தூணும் ரப்பர் போல வளைய வாய்ப்பு அதிகம். சிமிலாரிட்டிக்கு மாற்றியதும் தூண் தூணாக நின்றது. டிரான்ஸ்லேஷன், பக்கவாட்டு, மேல்கீழ் அசைவை மட்டும் கவனிக்கும். நின்ற இடத்திலிருந்து லேசாகக் கை ஆடிய காட்சிக்கு அது தாராளம்.

இந்த வித்தைக்கு ஒரு விலை உண்டு. ஆட்டத்துக்கு எதிராகப் படத்தை நகர்த்தும்போது ஓரத்தில் கறுப்பு தெரியும்; அதை மறைக்கப் படத்தைப் பெரிதாக்குவார்கள், ஓரம் வெட்டுப்படும். கிராப்பிங் ரேஷியோ என்ற அளவு 1 என்றால் எதுவும் செய்யாது. குறையக் குறைய மூர்க்கமாக வேலை செய்யும். அதனால் 4கேயில் எடுத்து 1080 டைம்லைனில் போடுவதுதான் புத்திசாலித்தனம். 3840க்கு 2160 படத்துக்குள் 1920க்கு 1080 படம் நான்கு அடங்கும். கொஞ்சம் வெட்டுப்பட்டாலும் டிவியில் தெளிவு குறையாது. எடுக்கும்போதே தலைக்கு மேல் ஒரு சாண் இடம் விட்டு எடுப்பது இன்னும் நல்லது.

வெயிலில் எடுத்த ஊர்வலக் காட்சிக்குத் தயங்காமல் பாஸ் மார்க் போடுவேன். அதே ஊர்வலத்தைக் கிம்பலில் எடுத்தது இதைவிட மழமழவென்று இருந்தது, ஆனால் எதிர்பார்த்த அளவுக்கு இல்லை. கிம்பலின் மூன்று மோட்டார்களும் போன் திரும்புவதையும் சாய்வதையும்தான் தடுக்கும். நாம் அடி வைக்கும்போது உடம்போடு சேர்ந்து போனும் ஏறி இறங்குகிறதே, அதற்கு அவற்றிடம் மருந்து இல்லை. முழங்காலை மடக்கி, குதிகாலை மெல்ல ஊன்றி நடந்தால்தான் அது அடங்கும். பட்டுவேட்டி கட்டிக்கொண்டு அப்படி நடப்பதை இன்னொருவர் வீடியோ எடுப்பார் என்பது வேறு விஷயம்.

உண்மையான சோதனை மண்டபத்துக்குள். குழந்தை தாய்மாமன் மடியில். ஆசாரி ஊசியை எடுத்ததும் சுற்றி நின்ற கூட்டம் நெருக்கியடித்துக்கொண்டு குனிகிறது. கிம்பலுக்கு முழங்கை அகல இடமாவது வேண்டும், அது கிடைக்கவில்லை. முகத்தைப் பின்தொடரும் அதன் வசதி, குறுக்கே வந்த சித்தப்பாவின் முகத்தைப் பிடித்துக்கொண்டது. சரி, ரிசால்வ் பார்த்துக்கொள்ளும் என்று அந்தக் காட்சியை ஏற்றினால், படம் நின்றது; ஆனால் விட்டுவிட்டு மங்கியது. ஒரு நொடி தெளிவு, அடுத்த நொடி புகை.

வெளிச்சம் குறைந்தால் ஆட்டோவில் இருக்கும் போன் ஷட்டரை மெதுவாக்கிவிடும். நொடியில் இருபத்தைந்தில், முப்பதில் ஒரு பங்குவரை திறந்தே இருக்கும். அந்த நேரத்துக்குள் கை ஆடினால் அந்த ஃபிரேமே இழுபட்டுப் பதிவாகும். மென்பொருள் ஃபிரேமை இடம் மாற்றி வைக்கும். அதற்குள் பதிந்த இழுவலைத் துடைக்காது. ஆட்டம் இருந்தவரை கண் அந்த மங்கலைப் பொறுத்துக்கொண்டது. ஆட்டத்தை எடுத்ததும் மங்கல் தனியாகத் துருத்திக்கொண்டு நிற்கிறது. சரிசெய்யாத மூலமே மேல்.

ஆகவே கிம்பலுக்குப் பணம் எடுத்துவைக்கும் முன் போனில் புரோ வீடியோ முறையைத் திறந்து ஷட்டரை 1/100இல் நிறுத்துங்கள். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். விளக்குகள் நொடிக்கு நூறு முறை மினுக்கும், 1/100 அதோடு ஒத்துப்போவதால் படத்தில் பட்டை ஓடாது. ஐஎஸ்ஓ ஏறிப் புள்ளி புள்ளியாகத் தெரியும்தான். அதைக் குறைக்கும் வசதி ரிசால்வின் கட்டணப் பதிப்பான ஸ்டுடியோவில்தான் கிடைக்கிறது. இருந்தாலும் புள்ளியோடு தெரியும் முகம், புள்ளியில்லாத புகையைவிட எவ்வளவோ மேல். வீடியோகிராபரின் லைட் எந்தப் பக்கம் இருக்கிறதோ அந்தப் பக்கமே நில்லுங்கள். அவர் முறைப்பார், பரவாயில்லை.

போனிலேயே இருக்கும் ஆட்டம் அடக்கும் முறைகளுக்கும் இதே கதைதான். சாம்சங் 2019இல் எஸ்10 வரிசையோடு கொண்டுவந்த சூப்பர் ஸ்டெடி, ஆப்பிள் 2022இல் ஐபோன் 14 வரிசையில் வைத்த ஆக்‌ஷன் மோட், இரண்டுமே ஓரத்தை வெட்டி, வெளிச்சம் கேட்பவை. ஐபோன் இருட்டில் இன்னும் வெளிச்சம் தேவை என்று திரையிலேயே எழுதிக் காட்டும். அவற்றில் எடுத்ததை மறுபடி ரிசால்விலும் நிலைப்படுத்தாதீர்கள், படம் ஜெல்லி மாதிரி தளும்பும்.

ரிசால்வில் எனக்குப் பிடித்தது கேமரா லாக் என்ற ஒரு சின்னக் கட்டம். நின்ற இடத்திலிருந்து எடுத்த காட்சியில் அதை டிக் செய்தால் ட்ரைபாடில் எடுத்தது போல் உறைந்துவிடும். ஆனால் ஃபிரேமை ஆட்களே அடைத்திருந்தால் ஏமாந்துபோகும். மாமாவின் ஜரிகைத் துண்டைப் பின்னணி என்று நினைத்துக்கொண்டு சுவரை ஆட்டிவைக்கும்.

கையில் காசு இருந்தால் என் ஓட்டு மோனோபாடுக்கு. ஒற்றைக் கால், கூட்டத்திலும் ஊன்றலாம், சார்ஜ் போட வேண்டாம். மடியில் நடக்கும் சடங்குக்கு அதுவும் 1/100 ஷட்டரும் போதும். பந்தியில் மட்டும் இலைகளுக்கு நடுவே ஊன்றாதீர்கள், சாம்பார் வாளியோடு ஆள் வேகமாக வருவார்.