பாட்டு இருக்கிறது, பாடியவர் எங்கே?

முஸ்லிம்களின் பாடல் மரபு பற்றி எம்மவர் எழுதும் கட்டுரைகள் பெரும்பாலும் இரண்டு இடங்களில் போய் நிற்கின்றன. ஒன்று, நாகூர் ஈ.எம். ஹனிபா. மற்றது, பெயரற்ற நாட்டார் பாடல். முன்னதில் பாடகர் மட்டுமே தெரிகிறார். பின்னதில் பாட்டு மட்டுமே தெரிகிறது. இரண்டிலும் யாரோ ஒருவர் விடுபட்டுப் போகிறார். அந்த விடுபடலைப் பற்றியே இங்கு பேச விரும்புகிறேன்.

1925இல் பிறந்து 2015 ஏப்ரலில் மறைந்த ஹனிபாவின் குரல் திராவிட இயக்க மேடைகளில் உரம் பெற்ற குரல். கூட்டத்தின் கடைசி வரிசையில் இருப்பவனுக்கும் ஒவ்வொரு சொல்லும் தெளிவாகப் போய்ச் சேர வேண்டும் என்ற மேடைக் கவனம் அவருடைய இஸ்லாமியப் பாடல்களிலும் உண்டு. ‘இறைவனிடம் கையேந்துங்கள்’ என்ற பாடலை மாற்று மதத்தவரும் விரும்பிக் கேட்பதற்கு அந்தத் தெளிவும் ஒரு காரணம். ஆனால் அதை எழுதியவர் ஆர். அப்துல் சலாம் என்பது எத்தனை பேருக்குத் தெரியும்? எங்கள் ஊர்க் கல்யாண வீடுகளில் அந்தப் பாட்டைக் கேட்டே வளர்ந்த எனக்கும் வெகுகாலம் தெரியாது.

என் உம்மா பாடியது வேறு வகை. முசலியில், அகத்திமுறிப்புக் குளத்து நீர் பாயும் வயலில் அருவி வெட்டும்போது ஒருத்தி அடி எடுத்துக் கொடுப்பாள். மற்றவர்கள் வாங்கிப் பாடுவார்கள். கையின் வேகத்துக்கு ஏற்ப அடி நீளும், குறுகும். பக்கத்து வரம்பில் நிற்பவளின் பெயரும் பாட்டுக்குள் வந்து விழும். நேற்றுப் பாடியது போல் இன்று இராது. அதனால் அதற்கு ‘மூலபாடம்’ என்று ஒன்றில்லை. பாடுகிறவளே அதன் ஆசிரியை.

1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடமாகாண முஸ்லிம்களை வெளியேற்றியபோது நாங்களும் புத்தளம் பக்கம் அகதிகளானோம். அங்கும் ஹனிபாவின் பாட்டு எங்களோடு இருந்தது. ஒலிநாடாவைக் கையில் எடுத்துச் செல்லலாம். வயலை எடுத்துச் செல்ல முடியாது. முகாமில் ஒருநாள் உம்மாவைப் பாடச் சொன்னேன். “கையில அரிவாள் இல்லாம வாயில பாட்டு வருமா மகன்?” என்றார்.

ஒலிநாடாதான் நாட்டார் பாடலைக் கொன்றது என்ற வாதத்தை அன்றிலிருந்து நான் ஏற்பதில்லை. பாட்டு ஓய்ந்தது, அது பிறந்த தொழிலும் இடமும் பறிபோனதால். பாட்டே ஆகாது என்ற பிரசாரம் எஞ்சியிருந்த மூதாட்டிகளையும் கூசவைத்தது. ஹனிபா அந்த வெறுமைக்குத் துணையாக வந்தவர். அதை உண்டாக்கியவர் அல்லர்.

கிழக்கிலங்கை முஸ்லிம்களின் நாட்டார் பாடல்களை எஸ். முத்துமீரான் போன்றோர் அரும்பாடுபட்டுத் தொகுத்தனர். அதன் பயனாக அவை அச்சில் நிலைத்தன. ஆனால் நமது கட்டுரையாளர்கள் அந்தக் கவிகளையே இலங்கை முஸ்லிம்கள் அனைவரினதும் பாடலாகக் காட்டிவிடுகிறார்கள். வயலும் கடலும் கலந்த முசலியின் பாட்டுக்கு அதில் இடமில்லை.

எங்கள் மறிச்சுக்கட்டியில் 1906இல் முத்துக்குளிப்பு நடந்தபோது எழுத்தாளர் லெனாட் வூல்ஃப் அங்கே அதிகாரியாகப் பணிபுரிந்தார். குளித்தெடுத்த சிப்பியை மூன்றாகப் பிரித்து, இரண்டு பங்கை அரசு எடுத்துக்கொள்ளும்; உயிரைப் பணயம் வைத்து மூழ்கியவனுக்கு ஒரு பங்கு. பாட்டைத் தொகுக்கும் நாம் அந்த அளவுகூடக் கொடுப்பதில்லை. பாட்டுத் தொகுத்தவரின் பெயரில் நூலாகிறது. பாடியவள் ‘ஒரு கிராமத்துப் பெண்’ ஆகிறாள்.

2009இல் போர் முடிந்தபின் ஊர் திரும்பியவர்களில் அந்தப் பாடல்களை அறிந்த முதியவர்கள் இருக்கிறார்கள். இன்று ஒலிப்பதிவு செய்ய ஒரு கைத்தொலைபேசி போதும். பாட்டோடு பாடியவரின் பெயர், ஊர், எந்த வேலையின்போது பாடினார், எதிரடி எடுத்தவர் யார் என்பனவற்றையும் அவர் சம்மதத்துடன் பதியுங்கள். இவை இல்லாத தொகுப்பு பாதித் தொகுப்பே என்பது என் எண்ணம்.

இதை மற்றவர்களுக்குச் சொல்லும் தகுதி எனக்கும் குறைவுதான். உம்மாவின் பாட்டில் நான்கு அடிகளை எழுதி வைத்திருக்கிறேன். அவருக்கு எதிரடி பாடியவளின் பெயரைக் கேட்டு வைக்கவில்லை. இப்போது கேட்க உம்மாவும் இல்லை.