சரிவோடு இறங்கும் விடுதி

உயர்தர விடுதி என்றாலே பளிங்குத் தரையும் சரவிளக்கும்தான் பலருக்கு நினைவு வரும். அந்தமான் தீவுகளில், போர்ட் பிளேரின் மரைன் ஹில்லில் உள்ள பே ஐலண்ட் விடுதி அந்த எண்ணத்தை மாற்றிவிடும். 1980களின் தொடக்கத்தில் கட்டி முடிக்கப்பட்ட இதை வடிவமைத்தவர் கட்டடக் கலைஞர் சார்லஸ் கொரயா. குன்றை வெட்டிச் சமன்படுத்தாமல், அதன் சரிவையே அவர் கட்டடத்தின் இலக்கணமாக எடுத்துக்கொண்டார். பெரிய சாய்வுக் கூரையின் கீழ், மரத்தாலான திறந்த தளங்கள் ஒன்றன்கீழ் ஒன்றாகக் கடலை நோக்கி இறங்குகின்றன.

ஆண்டுக்குச் சுமார் 3,000 மில்லிமீட்டர் மழை கொட்டும் ஊர் இது. தாழ்ந்த கூரை மழையையும் வெயிலையும் தடுக்கிறது. சுவரற்ற பக்கங்கள் கடற்காற்றை உள்ளே விடுகின்றன. புழுக்கத்துக்கு நம் திண்ணை கண்ட தீர்வும் இதுதான்.

இளநீரோடு ஒரு தளத்தில் அமர்ந்தால் போதும், விரிகுடா முழுவதும் கண்முன் விரிகிறது. இடத்தை மதித்துக் கட்டுவதே விருந்தினருக்குச் செய்யும் முதல் உபசாரம். தீவுகளில் புதிதாக விடுதி எழுப்புவோர் இங்கே ஒரு நாளாவது தங்கிப் பார்க்க வேண்டும்.