பத்து கிலோமீட்டர் உறவு

நாகாலாந்தின் மோன் மாவட்டத்தில் உள்ள லோங்வா கிராமத்தில், கொன்யாக் பழங்குடியின் தலைவரான ‘ஆங்’கின் வீட்டுக்குள்ளேயே இந்திய–மியான்மர் எல்லை ஓடுகிறது. வெளியூர்க்காரர்களுக்கு அது படம் பிடிக்க ஒரு வேடிக்கை. ஊராருக்கோ, தாங்கள் இருந்த இடத்தில் பிறகு வந்து விழுந்த கோடு. ஆங்கிலேயர் காலத்தில் வரையத் தொடங்கி, 1967 ஒப்பந்தத்தில் உறுதியான இந்த 1,643 கிலோமீட்டர் எல்லையைப் பற்றிக் கொன்யாக்கையோ மிசோவையோ குக்கியையோ யாரும் கேட்கவில்லை.

அந்தப் பிழைக்குப் பரிகாரம்தான் ‘தடையற்ற நடமாட்ட முறை’. எல்லையிலிருந்து 16 கி.மீ.க்குள் வாழும் மலைப் பழங்குடியினர் விசா இல்லாமலே மறுபக்கம் போய்வர இது 2024 வரை வழிசெய்தது. கல்யாணம், சாவு, சந்தை, காடு திருத்திய நிலம் எல்லாம் இருபுறமும் கிடக்கும் வாழ்க்கையை அரசு ஒப்புக்கொண்டது என்பதே இதன் பெரிய பலம். மிசோக்களின் மரபு நம்பிக்கையில், இறந்தோரின் ஆவி ரி தில் ஏரி வழியாகத்தான் மறுவுலகம் செல்லும். அந்த ஏரி இருப்பது மியான்மரில்! 2021இல் அங்கே நடந்த ராணுவப் புரட்சிக்குப் பின் தப்பி வந்த சின் மக்களை மிசோரம் அகதிகளாக அல்ல, சொந்தக்காரர்களாகவே ஏற்றது.

ஆனால் இந்த முறை உறவை ஒரே விதமாகத்தான் பார்த்தது. மணிப்பூரின் மோரே நகரத் தமிழர்களை எடுத்துக்கொள்வோம். 1962இல் ராணுவத் தளபதி நே வின் ஆட்சியைப் பிடித்த பின் பர்மாவிலிருந்து (இன்றைய மியான்மர்) இந்தியா வந்தவர்களில் சிலர், தரைவழியாக மீண்டும் அங்கேயே திரும்பிப்போக முயன்று, முடியாமல் எல்லையிலேயே குடியேறினார்கள். கோயிலும் தமிழ்ச் சங்கமுமாக ஊன்றிய அவர்களின் பிழைப்பும் எல்லையைத் தாண்டும் வணிகமாகவே இருந்தது. பழங்குடி உறவை மனதில் வைத்து எழுதிய விதிக்கு, பிறந்த மண்ணோடு இவர்களுக்குள்ள ஒட்டுதல் தெரியாது.

இதைவிடப் பெரிய குறை, போகிறவர் வருகிறவர் பற்றி நம்பகமான பதிவு இல்லாதது. ஹெராயினும் கொட்டைப்பாக்கும் கடத்துபவர்களுக்கும் ஆயுதக் குழுக்களுக்கும் அந்த அலட்சியம் வசதியாயிற்று. 2023 மே மாதம் இனக்கலவரத்தில் மணிப்பூர் பற்றியெரிந்தபோது ‘ஊடுருவல்’ என்ற குற்றச்சாட்டை நிறுவவும் கணக்கில்லை, மறுக்கவும் கணக்கில்லை. பழி விழுந்தது, இங்கேயே பிறந்து வளர்ந்த குக்கிகள் மேலும்தான். சலுகை பெற்றவர்களையே அந்தச் சலுகையின் சோம்பல் சந்தேகத்தில் நிறுத்தியது.

2024 பிப்ரவரியில் மத்திய அரசு இம்முறையை ரத்து செய்வதாகவும், எல்லை முழுக்க வேலி போடுவதாகவும் அறிவித்தது. மணிப்பூர் அரசு கேட்டது இதைத்தான். மிசோரம், நாகாலாந்து சட்டமன்றங்களோ எதிர்த்துத் தீர்மானம் போட்டன. ஒரே கோடு ஒவ்வொரு மாநிலத்துக்கும் ஒவ்வொரு பொருள் தருகையில், ஒரே விதியால் தாராளம் காட்டியதும் தவறு, ஒரே வேலியால் அடைப்பதும் தவறு.

அந்த ஆண்டு டிசம்பரில் வந்த மாற்று ஏற்பாடு, அனுமதிச் சீட்டோடு நடமாட்டத்தை அனுமதிக்கிறது. தூரத்தை மட்டும் 10 கி.மீ. ஆகக் குறைத்துவிட்டது. சீட்டு வரவேற்கத் தக்கது. தொடக்கத்திலிருந்தே கறாராக நடைமுறையில் இருந்திருக்க வேண்டிய ஒழுங்கு அது. தூரக் குறைப்புக்குத்தான் நியாயம் தெரியவில்லை. கடத்தல்காரன் சீட்டு வாங்கிக்கொண்டு வாயில் வழியே வரப்போவதில்லை. பதினோராவது கிலோமீட்டரில் இருக்கும் அத்தை வீட்டுக்குப் போகிறவர்தான் குற்றவாளி ஆவார். பதிவை இறுக்கி, தூர வரம்பை அந்தந்தப் பகுதியின் ஊர் மன்றங்களோடு பேசி முடிவு செய்தால், பாதுகாப்புக்கும் உறவுக்கும் ஒருசேர நியாயம் கிடைக்கும்.