ஜல்லோ: கண் ஏமாறும் கலை

கொலையாளி யாரென்று தெரிந்த பிறகும் மறுபடி பார்க்கத் தூண்டும் மர்மப் படங்கள் குறைவு. இத்தாலியின் ஜல்லோ படங்களில் தேர்ந்தவை அப்படிப்பட்டவை. மொந்ததோரி பதிப்பகம் 1929 முதல் மஞ்சள் அட்டையில் வெளியிட்ட துப்பறியும் நாவல்களால், ‘மஞ்சள்’ என்று பொருள்படும் இந்தப் பெயர் வந்தது. ஆனால் திரையில் ஜல்லோ கதையைவிடக் காட்சியையே நம்பி வளர்ந்தது.

வழி போட்டவர் மாரியோ பாவா. அடிப்படையில் ஒளிப்பதிவாளர். 1964இல் வந்த ‘கொலைகாரனுக்கு ஆறு பெண்கள்’ படத்தில் கறுப்புக் கையுறை, தொப்பி, நீண்ட கோட்டு, கண்ணும் மூக்கும் தெரியாத முகமூடி என்று கொலையாளியின் கோலத்தையே வகுத்துவிட்டார். ஆடை நிறுவனம் ஒன்றின் கூடங்களில் சிவப்பும் பச்சையும் ஊதாவுமாக ஒளி விழுகிறது. அந்த நிறங்களுக்காகவே படத்தைப் பார்க்கலாம்.

தாரியோ அர்ஜென்தோவின் பள்ளி வேறு. கண்ணால் கண்ட சாட்சியே தப்பாகக் கண்டிருந்தால்? 1970இல் ‘பளிங்குச் சிறகுப் பறவை’யில் தொடங்கிய இந்தக் கேள்வி, 1975இன் ‘அடர் சிவப்பு’ படத்தில் உச்சம் தொட்டது. கொலை நடந்த வீட்டுக்குள் ஓடும் பியானோ கலைஞன், முகங்கள் வரைந்த ஓவியங்கள் நிறைந்த நடையைக் கடக்கிறான். பிறகு, ஏதோ ஓர் ஓவியம் காணாமல் போனதாக அவனுக்குத் தோன்றுகிறது. உண்மையில் அங்கே இருந்தது கண்ணாடி. அதில் தெரிந்தது கொலையாளியின் முகம். கேமரா அதை நமக்கும் காட்டிவிட்டது. நாமும்தான் தவறவிட்டோம். ஜல்லோவுக்கு என் அளவுகோல் இதுதான்: துப்பை ஒளிக்காமல், நம் கண் முன்னே வைத்தே ஏமாற்ற வேண்டும்.

உம்பெர்த்தோ லென்சி, செர்ஜியோ மார்த்தினோ முதலானோர் சொத்து, சபலம், துரோகம் என்று பணக்கார வீடுகளுக்குள் புகுந்தார்கள். விறுவிறுப்புக்குக் குறைவில்லை. ஆனால் பெண்ணின் சாவை அலங்காரமாக்கும் பழக்கம் இந்த மரபு முழுக்கவே உண்டு. பாவாவையும் அர்ஜென்தோவையும் அதிலிருந்து விலக்கிப் பேச முடியாது.

அதனாலேயே லூச்சோ ஃபுல்ச்சியின் ‘வாத்துக்குஞ்சை வதைக்காதே’ (1972) எனக்குப் பெரிதாகப் படுகிறது. தென்னித்தாலியக் கிராமத்தில் சிறுவர்கள் கொல்லப்படுகிறார்கள். சூனியக்காரி என்று பழி சுமந்த பெண்ணை ஊர் ஆண்கள் சங்கிலியால் அடிக்கிறார்கள். வானொலியில் பாட்டு ஒலிக்கிறது. குற்றுயிராய் அவள் சாலைவரை ஊர்ந்து வந்தும் எந்தக் காரும் நிற்கவில்லை. அலங்காரம் துளியும் இல்லை, வலி மட்டுமே.

1976இல் பூப்பி அவாத்தி, தேவாலயச் சுவரோவியம் ஒன்றைப் புதுப்பிக்க வந்தவனின் கதையை ‘சிரிக்கும் ஜன்னல்களின் வீடு’ ஆக்கினார். கொலைகள் குறைவு, அச்சம் அதிகம். புதிதாக வருபவர்கள் பாவாவை முதலில் பார்த்துவிட்டு, அடுத்து நேராக இதற்கு வரலாம்.